இரண்டு குப்பியிலும் 12.5: மாட்டு உண்ணி மருந்துகள், ஒரு மதிப்புரை

சேலத்தில் கால்நடை மருந்துக் கடைக்குப் போய் "மாட்டு உண்ணிக்கு மருந்து வேண்டும்" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எடுத்து மேசை மேல் வைப்பார்கள். ஒன்று டெல்டாமெத்ரின், மற்றது அமிட்ராஸ். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அடியில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொடி எழுத்தைப் படித்தே பிழைத்தவள். இப்போது குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். இரண்டு ஜெர்சிக் கலப்பினக் கறவைகள், ஒரு கிடேரி, கொஞ்சம் வெள்ளாடுகள், வாசலில் ஒரு நாட்டு நாய். புதருக்குள் மேய்ந்து திரும்பும் எதுவும் உண்ணி இல்லாமல் வருவதில்லை.

முதலில் அந்தப் பொடி எழுத்து. டெல்டாமெத்ரின் குப்பியில் 12.5 என்று போட்டிருக்கும். அமிட்ராஸ் குப்பியிலும் 12.5 என்றே போட்டிருக்கும். முதலாவது ஒரு மில்லியில் 12.5 மில்லிகிராம், அதாவது ஒன்றேகால் சதவீதம். இரண்டாவது 12.5 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 125 மில்லிகிராம். எண் ஒன்று, சரக்கு பத்து மடங்கு வேறு. மாட்டு உண்ணிக்கு இரண்டையுமே லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்றுதான் கலக்கச் சொல்கிறார்கள். ஆகவே முதல் கலவையில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் மருந்து இருக்கும், இரண்டாவதில் 250. கடைப் பையன் என்னிடம், "இரண்டும் ஒன்றுதான் அம்மா, இரண்டும் 12.5" என்று விளக்கினான். பாவம், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உண்ணிக்கு மட்டும் அடிக்கிறவரை இந்தக் குழப்பத்தால் பெரிய கேடு வராது. ஆனால் டெல்டாமெத்ரினைச் சொறிக்கு அடிக்கும்போது அளவைக் கூட்டி 4 மில்லி, அதற்கு மேலும் என்று போவது உண்டு. அந்தக் கணக்கைக் காதில் வாங்கிக்கொண்டவர் அடுத்த மாதம் அமிட்ராஸ் குப்பியைத் திறந்து அதே கணக்கில் ஊற்றினால், இளங்கன்று தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்.

இதோடு மூன்றாவது எண் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வயலுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் 2.8 சதவீதம். பருத்திக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது, பெயரும் ஒன்றுதானே என்று மாட்டுக்கும் அடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு மில்லிக்கு 28 மில்லிகிராம் இருக்கிறது, கால்நடைக் குப்பியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெயும் செடிக்காகத் தேர்ந்தது, தோலுக்காகத் தேர்ந்ததில்லை. மடியில் பட்டால் எரியும், கன்று வந்து நக்கும். விலை குறைவு என்பதைத் தவிர அதன் பக்கம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

டெல்டாமெத்ரினை நான் குறை சொன்னால் அது எங்கள் கட்டுத்தரையின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பைரித்ரினைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மருந்து வகை இது. பூச்சியின் நரம்பில் சோடியம் போய்வரும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், பூச்சி துடித்து விழும். தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கும், நெடி அதிகமில்லை. ஈக்கும் பேனுக்கும் இன்றும் நன்றாகவே கேட்கிறது. வெள்ளாட்டுக் குட்டிகளின் பேனுக்கு அடித்த அன்றே தெரிந்தது. உண்ணிக்குத்தான் கேட்கவில்லை. சின்ன உண்ணிகள் உதிர்கின்றன. கொட்டைமுத்து அளவுக்கு ஊதிய பெட்டை உண்ணிகள் காதுமடலுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பஞ்சாப் தொடங்கி நாட்டின் பல பகுதிகளில் டெல்டாமெத்ரினுக்கு அசையாத மாட்டு உண்ணிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஊரில் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை, அதுவும் பாதி அளவில், அடித்து வருகிறோம். சாகாமல் தப்பியதுதான் முட்டையிடுகிறது. ஒரு பெட்டை உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். எந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் அடுத்த பருவத்தில் புல்நுனியில் ஏறிக் காத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் இந்த மருந்தை அதிகம் அடித்ததில்லை என்றால் ஒரு முறை சரியான அளவில் அடித்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் ஊதிய உண்ணி அப்படியே இருந்தால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றுங்கள்.

இப்போது நான் வாங்குவது அமிட்ராஸ். இது வேறு குடும்பம், உண்ணியின் உடம்பில் வேறு இடத்தில் போய் வேலை செய்கிறது. டெல்டாமெத்ரினுக்கு மசியாத உண்ணி இதற்கு மசிய வாய்ப்பு இருப்பது அதனால்தான். செத்து விழுவதற்கு முன்பே உண்ணி பிடியை விடுவதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். மறுநாள் காலையில் கட்டுத்தரையைக் கூட்டினால் துடைப்பத்தில் தெரியும். சொறிப் பூச்சிக்கும் நல்லது. ஈக்கு அவ்வளவாகப் பயனில்லை, ஈ மொய்க்கிறது என்று இதை வாங்க வேண்டாம்.

குறை என்று பார்த்தால் முதலில் நெடி. மூடியைத் திறந்ததும் பெயின்ட் தின்னர் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் சைலீனின் வாடை அது. இரண்டாவது, கலக்கிய தண்ணீரை எடுத்து வைக்க முடியாது. வெயிலும் நேரமும் மருந்தைக் குலைத்துவிடும். காலையில் கலக்கியதைக் காலையிலேயே அடித்து முடிக்க வேண்டும். "மிச்சம் நாளைக்கு ஆகும் அக்கா" என்று வாளியை மூடி வைத்த பக்கத்து வீட்டுத் தம்பி, மருந்து கேட்கவில்லை என்று கம்பெனியைத் திட்டினார்.

மூன்றாவது குறை மனிதர்களுக்கானது. கணையத்திலிருந்து இன்சுலின் வருவதை அமிட்ராஸ் தடுக்கும், இரத்தச் சர்க்கரை ஏறும். என் வீட்டுக்காரருக்கு நெடுநாளாகச் சர்க்கரை இருக்கிறது. அவரை நான் தெளிப்பானைத் தொட விடுவதில்லை. வேலை செய்யாமல் திண்ணையில் உட்கார ஒரு மருத்துவக் காரணம் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. குதிரைக்கும் பூனைக்கும் இதை அடிக்கக் கூடாது. குதிரைக்குக் குடல் ஓட்டம் நின்று வயிறு கட்டிக்கொள்ளும்.

மருத்துவமனையில் வேலை பார்த்தவள் என்பதால் இந்த ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். தவறியோ வேண்டுமென்றோ இதைக் குடித்தவர் அரை மயக்கத்தில் இருப்பார், நாடி மெதுவாக ஓடும், கண்மணி சுருங்கியிருக்கும். பார்த்தவுடன் வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து என்றுதான் தோன்றும். உடன் வந்தவர்களும் "பூச்சிமருந்து" என்று மட்டும் சொல்வார்கள். ஆனால் இரண்டும் வேறு நஞ்சு, வேறு சிகிச்சை. ஆர்கனோபாஸ்பரஸுக்கு அட்ரோபினும் பிராலிடாக்சிமும் உண்டு. அமிட்ராஸுக்கு மனிதர்களுக்கென்று தனி முறிமருந்து கிடையாது. மூச்சையும் நாடியையும் தாங்கிப் பிடித்து, மருந்து தானாக இறங்கும்வரை பார்த்துக்கொள்வார்கள், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். எனவே ஓடும்போது குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். லேபிளைக் கிழித்துவிட்டு, பழைய சோடாப் பாட்டிலில் ஊற்றி எரவாணத்தில் செருகி வைக்கும் பழக்கத்தை இதனால்தான் எனக்குக் கண்டால் ஆகாது.

எந்த மருந்தானாலும் அடிக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் காசை விடுகிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, துணியை நனைத்து முதுகில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருகிறார்கள். உண்ணி முதுகில் குடியிருப்பது குறைவு. காதுக்குள், தாடைத் தொங்கலில், முன்னங்கால் இடுக்கில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலடியில் இருக்கிறது. ஒரு கலப்பினப் பசு அங்கெல்லாம் நனைய மூன்று லிட்டராவது வேண்டும் என்பது என் கணக்கு. அளக்க ஊசி போடும் சிரிஞ்சு போதும், ஊசியைக் கழற்றிவிட்டு உருளையை மட்டும் இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். மூடியால் அளப்பது அளப்பதே ஆகாது. அடிப்பதற்கு முன் மாட்டுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டிவிட வேண்டும், தாகத்தில் மேலை நக்காமல் இருக்க. பால் கறந்து முடித்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவிவிட வேண்டும். பாலை எத்தனை நேரம் ஒதுக்க வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். லேபிளில் போட்டிருப்பதைப் பாருங்கள், இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

மாட்டில் அதிகம் காணும் உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து ஊதி உதிரும்வரை ஒரே மாட்டின் மேல் சுமார் மூன்று வாரம் இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அடிக்கச் சொல்வது அந்தக் கணக்கில்தான். உதிர்ந்தது எங்கே போகிறது? சாணிக் குழிக்கும் சுவர் வெடிப்புக்கும் கல் இடுக்குக்கும் போய் முட்டையிடுகிறது. மாட்டுக்கு மட்டும் அடித்துவிட்டுக் கட்டுத்தரையை விட்டால் பாதி வேலை நிற்கிறது. நாங்கள் சுவர் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, அடியிலிருந்து ஓரடி உயரம்வரை அதே கரைசலைத் தெளித்தோம். எந்தப் புதுக் குப்பியையும்விட அதற்குப் பிறகுதான் உண்ணி குறைந்தது. கையால் பிடுங்குகிறவர்கள் பிடுங்கியதைத் தரையில் போட்டுவிட்டு நடப்பதைப் பார்க்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் நாட்டு மாடு மட்டுமே வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். கலப்பினத்துக்கு உண்ணி வெறும் அரிப்போடு போவதில்லை. உண்ணி பரப்பும் நோய்களில் தைலேரியா வந்தால் நிணநீர்க் கட்டி வீங்கி, காய்ச்சல் ஏறி, பால் வற்றிப்போகும். பபேசியா வந்தால் மூத்திரம் காப்பிக் கஷாயம் மாதிரி போகும். மருந்து இருக்கிறது, ஆனால் அதன் செலவில் உண்ணி மருந்து குப்பி குப்பியாக வாங்கலாம்.

ஃப்ளூமெத்ரின் என்று முதுகில் ஊற்றும் மருந்து ஒன்று வருகிறது. பத்து கிலோ எடைக்கு ஒரு மில்லி, திமிலிலிருந்து வாலடிவரை கோடாக ஊற்றினால் தானே பரவும். தண்ணீர் வேண்டாம், தெளிப்பான் வேண்டாம். மலை மேல் நாகலூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் மழைக்காலத்தில் மாட்டை நனைக்க முடியாது என்பதால் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், திருப்தியாகவே இருக்கிறார்கள். முந்நூறு கிலோ மாட்டுக்கு முப்பது மில்லி என்று பார்த்தால் கையைக் கடிக்கும். அதோடு இதுவும் டெல்டாமெத்ரின் குடும்பம்தான். அது கேட்காத இடத்தில் இதன் மேல் நான் காசு போட மாட்டேன்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றி மரியாதையாகவே பேச வேண்டும். அதைக் கண்டுபிடித்த சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சொறிக்கும் குடற்புழுவுக்கும் அருமையான மருந்து, ஒரு சதவீத ஊசி ஐம்பது கிலோவுக்கு ஒரு மில்லி, தோலுக்கடியில். ஆனால் பாலில் இறங்கும். கறவையில் இருக்கும் மாட்டுக்கு, பாலை மனிதர் குடிக்கும் வீட்டில், போடக் கூடாது. ஊர் ஊராக வந்து ஊசி போடுகிறவர்கள் கறவையா வற்றியதா என்று கேட்காமலே குத்திவிட்டுப் போகிறார்கள். அந்தப் பால் மறுநாள் யார் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குப் போகிறது என்று யோசிப்பதில்லை.

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பும் மூலிகைக் கலவையையும் அடித்துப் பார்த்தோம். பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடிகட்டித் தெளிப்பது. உண்ணி கொஞ்சமாக இருக்கும் காலத்துக்கும் பால் கறக்கும் மாட்டுக்கும் நல்ல துணை. காதுக்குள் கொத்துக் கொத்தாக இருக்கும்போது போதவில்லை. அரைத்த அம்மியைக் கழுவக் கழுவ வசம்பு வாடை போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாய் வேறு கதை. நாய் உண்ணி வீட்டுச் சுவரில் ஏறும், படத்துக்குப் பின்னால் முட்டையிடும். இப்போது ஃப்ளூரலானர் மாத்திரை வருகிறது, ஒன்று கொடுத்தால் பன்னிரண்டு வாரம் தாங்கும். எங்கள் நாய்க்குக் கொடுத்தேன், வெல்லம் மாதிரி தின்றது, உண்ணி நின்றது. விலை அதிகம், தகும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இந்த வகை மாத்திரைகளைப் பற்றி 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால், நாய்க்கு என்று விற்கும் பெர்மெத்ரின் எதையும் வாசற்படி தாண்ட விடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை உடைக்க முடியாது.

செம்மறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மேச்சேரி ஆட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இறைச்சிக்கு எவ்வளவு பங்கோ, தோலுக்கும் அவ்வளவு உண்டு. உண்ணி கடித்த புள்ளியும் சொறித் தழும்பும் பதனிட்ட தோலில் தெரியும், வியாபாரி விலையைக் குறைப்பார். விற்பதற்கு முந்தின வாரம் அவசரமாக அடித்து அந்தத் தழும்பை மறைக்க முடியாது.

தெளிப்பானை எங்கே கழுவுகிறீர்கள் என்பதும் மருந்தின் தரத்தில் சேர்த்திதான். டெல்டாமெத்ரின் வகை மீனுக்குக் கொடிய நஞ்சு, தேனீக்கும் அப்படியே. ஓடையிலும் கிணற்றடியிலும் கழுவாமல் கட்டாந்தரையில் குழி வெட்டி ஊற்றுங்கள். மலையில் காப்பி பூக்கும் நாட்களில், தேனீ பறக்கும் பகலில் தெளிக்காமல் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா காலத்தில் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை மாட்டின் மேல் வெறுங்கையால் தேய்த்தார்கள். 1997-ல் அதைத் தடை செய்தார்கள். பொடி போய்விட்டது, வெறுங்கைப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. கையுறை ஒரு ஜோடி, மூக்குக்கு ஒரு துணி, இவற்றுக்குத் தனியாகச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

இனி கடை. நான் வாங்குவது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள ஒன்றில், பெயர் வேண்டாம். காலாவதித் தேதியைக் காட்டித்தான் கொடுக்கிறார்கள், பில் தருகிறார்கள், கேட்ட மருந்து இல்லையென்றால் இல்லை என்கிறார்கள், மாற்று ஒன்றைத் தலையில் கட்டுவதில்லை. இந்தத் தொழிலில் அது பெரிது. குறையும் இருக்கிறது. பெரிய கேனிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றிச் சில்லறையாக விற்கிறார்கள், அந்தக் குப்பியில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. முழுக் குப்பி வாங்கினால் உள்ளே மடித்து வைத்த தாள் இருக்கும், அதில் தமிழ் ஓர் எழுத்துக்கூட இருக்காது. மேச்சேரியிலும் வாழப்பாடியிலும் மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை விற்கிறார்கள் என்பது அச்சடித்தவருக்குத் தெரியாதா? முதலாளியிடம், தமிழில் அரைத்தாள் எழுதித் தருகிறேன், நகல் எடுத்து ஒவ்வொரு குப்பியோடும் கொடுங்கள் என்றேன். "எழுதிக் கொடுங்கள் அம்மா, கொடுக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது கேட்பவர்களுக்கு மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தருகிறார். போனால் கேளுங்கள். சில்லறைக் குப்பியை நீட்டினால் வாங்காதீர்கள், சிறிய அளவு முத்திரைக் குப்பியே பின் அலமாரியில் இருக்கிறது.